பழைய பந்தயப் பாய்மரப் படகை மீட்டெடுப்பது: ஏட்டிலிருந்து வெள்ளோட்டம் வரை

1851 ஆகஸ்ட் 22 அன்று இங்கிலாந்தின் வைட் தீவைச் சுற்றி நடந்த பந்தயத்தில் 'அமெரிக்கா' என்ற ஸ்கூனர் வகைப் பாய்மரப் படகு வென்றது. இன்றும் நடக்கிற அமெரிக்கா கோப்பைக்குப் பெயர் வந்தது அந்தப் படகிலிருந்துதான், நாட்டிலிருந்து அல்ல. அப்புறம் அது பல கை மாறியது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஒருமுறை வேண்டுமென்றே மூழ்கடிக்கப்பட்டது. அதையும் மேலே தூக்கி மறுபடி ஓட்டினார்கள். 1921இல் அன்னாபொலிஸ் கடற்படைக் கல்விக்கழகத்திடம் வந்து சேர்ந்தது. 1942 மார்ச்சில் கொட்டிய பனியின் பாரம் தாங்காமல், அதை மூடியிருந்த கொட்டகையின் கூரை அதன் மேலேயே இடிந்து விழுந்தது. 1945இல் மிச்சத்தை உடைத்துப் போட்டார்கள்.

மனிதர்களுக்குத் தண்ணீரில் கண்டம் என்பார்கள். மரப்படகுக்குக் கண்டம் கரையில். கவனிக்க ஆளில்லாமல், மழைநீர் உள்ளே இறங்கி, தப்பும் தவறுமாக முட்டுக் கொடுக்கப்பட்டு நிற்கும் வருடங்களில்தான் அது சாகிறது. மீட்டெடுக்க வருகிறவரே அதைச் சாகடிப்பதும் உண்டு. ஆர்வக்கோளாறில் முதல் வாரமே தளத்தைப் பிரித்து எறிந்துவிட்டு, ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் படகின் வாய் அகன்றிருக்கும்.

இந்த வழிகாட்டியின் எல்லாப் படிகளும் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் வருகின்றன. பந்தயப் படகு என்பது அதன் வடிவம். பலகையை மாற்றலாம், வங்கை மாற்றலாம், ஆணியை மாற்றலாம். வடிவத்தைத் தொலைத்துவிட்டால், நல்ல மரத்தில் செய்த வேறொரு படகுதான் உங்களிடம் இருக்கும்.

சில சொற்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்புக் கட்டை ஏரா. அதிலிருந்து இரு பக்கமும் விலா எலும்பு போல எழுபவை வங்குகள். படகின் முன்பக்கம் அணியம். படகை மேலே மூடுகிற பலகைத் தரை தளம். வங்குகள் மேல் பலகை அறைந்த உடம்பு மேலோடு. பலகை இடுக்குகளை அடைக்கிற வேலை கலப்பத்து. படகு கட்டுகிற தச்சர் ஓடாவி.

வடிவம் எங்கிருந்து வந்தது

பழுது பார்க்கிறவருக்கு வரலாறு எதற்கு என்று கேட்கலாம். எந்த இடம் உடைந்திருக்கும் என்பதை வரலாறே சொல்லிவிடும், அதற்காகத்தான்.

வெவ்வேறு அளவுப் படகுகளை ஒரே பந்தயத்தில் ஓட்ட ஒரு சூத்திரம் வேண்டும். சூத்திரம் வந்தால் அதில் ஓட்டை தேடுகிறவர்களும் வருவார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வழக்கத்தில் இருந்த விதிகள், படகு நிமிர்ந்து நிற்கும்போது நீர்மட்டத்தில் அதன் நீளம் எவ்வளவு என்று அளந்தன. வடிவமைப்பாளர்கள் என்ன செய்தார்கள்? முன்னும் பின்னும் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டே போனார்கள். காற்றில் படகு சாயும்போது அந்த நீட்டல்கள் தண்ணீரில் படியும், படகு நீளமானதுபோல் ஆகும், வேகம் கூடும். 1903இல் நத்தானியேல் ஹெரஷாஃப் வடிவமைத்த 'ரிலையன்ஸ்' இதன் உச்சம். மேலோட்டின் மொத்த நீளம் சுமார் 44 மீட்டர், நீர்மட்ட நீளம் சுமார் 27 மீட்டர். ஒரே ஒரு பருவம்தான் பந்தயம் ஓடியது. 1913இல் அதை உடைத்துவிட்டார்கள்.

இந்தப் போக்கைக் கட்டுப்படுத்த அதே ஹெரஷாஃப் அமெரிக்காவில் ஒரு புதிய விதி எழுதினார். ஐரோப்பாவில் 1906இல் லண்டனில் கூடிப் பேசிச் சர்வதேச விதியைக் கொண்டுவந்தார்கள். 6 மீட்டர், 8 மீட்டர், 12 மீட்டர் என்ற வகுப்புகள் அதிலிருந்து வந்தவை. அந்த எண் படகின் நீளம் அல்ல, சூத்திரத்தின் விடை. 12 மீட்டர் படகு ஏறக்குறைய 20 மீட்டர் நீளம் இருக்கும். இதில் பெரிய நன்மை ஒன்று உண்டு: வங்கும் பலகையும் எவ்வளவு கனம் இருக்க வேண்டும் என்பதையும் லாயிட்ஸ் ரெஜிஸ்டர் போன்ற, கப்பல்களின் தரத்துக்குச் சான்று தரும் நிறுவனங்கள் வகுத்துக் கொடுத்தன. கண்டபடி எடை குறைக்க முடியவில்லை. நூறு வயதான மீட்டர் வகுப்புப் படகுகள் இன்றும் பந்தயம் ஓடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மேலே சொன்ன ஹெரஷாஃப் விதியின்படி 1930 முதல் 1937 வரை பத்து 'ஜே' வகுப்புப் படகுகள் கட்டப்பட்டன. தேயிலை வணிகர் தாமஸ் லிப்டன் அமெரிக்கா கோப்பைக்கான தன் ஐந்தாவது, கடைசி முயற்சிக்காகக் கட்டிய 'ஷாம்ராக் 5' எஃகு வங்குகள் மேல் மகோகனிப் பலகை அறைந்தது. பத்தில் இன்று மிஞ்சியிருப்பவை அதுவும் 'எண்டெவர்', 'வெல்ஷீடா' இரண்டும்தான்.

சரி, இந்த வரலாறு படகின் உடம்பில் எப்படித் தெரியும்? நீண்ட முனைகளுக்குக் கீழே தாங்கத் தண்ணீர் இல்லை. பல பத்தாண்டுகளில் இரு முனையும் தொங்கும், நடு எழும்பும். படகின் மொத்த எடையில் பாதியளவு ஈயமாக ஏராவின் அடியில் தொங்குகிறது. பாய்மரம் தன் அடியைக் கீழே அழுத்துகிறது. அதைப் பிடித்திருக்கும் கம்பிகள் இரு பக்கத்தையும் மேலே இழுக்கின்றன. ஆகவே பாய்மரத்தின் அடி, ஏராவை ஒட்டிய முதல் பலகை, வயிறு வளைந்து திரும்புகிற இடத்தில் வங்குகள் ஆகிய மூன்றும் அநேகமாக ஒடிந்திருக்கும். பார்க்காமலே சொல்லலாம்.

ஏடுகளில் தேடுதல்

படகின் இப்போதைய பெயரை நம்ப வேண்டாம். உரிமையாளர் மாறும்போதெல்லாம் பெயரும் மாறியிருக்கும். பிரிட்டனில் பதிவான படகு என்றால், தளத்தைத் தாங்கும் முக்கியமான உத்தரத்தில் பதிவு எண்ணைச் செதுக்கியிருப்பார்கள். பத்து அடுக்குப் பெயின்ட்டுக்குக் கீழே இருந்தாலும் அது அங்கே இருக்கும். மெதுவாகச் சுரண்டிப் பாருங்கள். 1878இலிருந்து வெளிவந்த லாயிட்ஸ் யாட் பதிவேடுகளில் பெயர், பழைய பெயர்கள், வடிவமைப்பாளர், கட்டிய இடம், ஆண்டு, உரிமையாளர் எல்லாம் உண்டு. ஆண்டு ஆண்டாகப் புரட்டினால் படகின் வாழ்க்கையே வந்துவிடும். ஸ்காட்லாந்தின் ஃபேர்லி ஊரில் வில்லியம் ஃபைஃப் கட்டிய படகாக இருந்தால், அணியத்தின் பக்கவாட்டில் செதுக்கிய டிராகன் தலை காட்டிக்கொடுக்கும்.

வரைபடங்களுக்கும் இடம் உண்டு. ஹெரஷாஃப் வரைபடங்கள் எம்.ஐ.டி. அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஸ்பார்க்மன் அண்ட் ஸ்டீஃபன்ஸ் நிறுவனத்தின் வரைபடங்கள் மிஸ்டிக் சீபோர்ட் அருங்காட்சியகத்தில். வைட் தீவின் கவ்ஸ் நகரத்து பீக்கன் குடும்பம் மூன்று தலைமுறையாக எடுத்த ஒளிப்படங்களில் உங்கள் படகும் எங்காவது ஓடிக்கொண்டிருக்கலாம். ஒரு நல்ல பழைய ஒளிப்படம் தளத்தின் அமைப்பைப் பற்றி வரைபடத்தைவிட உண்மையாகச் சொல்லும். வரைந்தபடியே கட்டுகிறவர்கள் எந்தக் காலத்திலும் குறைவு.

இந்தக் கட்டத்திலேயே ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்: எந்த ஆண்டின் படகுக்குத் திரும்பப் போகிறோம்? மேல் விளிம்பைச் சாய்வான சட்டம் தாங்குகிற நாற்கோணப் பாயோடு பிறந்து, 1920களில் முக்கோண பெர்முடா பாய்க்கு மாறி, போருக்குப் பின் எஞ்சினும் அறைக்கூரையும் வாங்கிக்கொண்ட படகுகள் நிறைய. நிறைய வரைபடங்கள் கிடைக்கிற ஆண்டைத் தேர்ந்தெடுங்கள் என்பேன். பிறந்த ஆண்டு, வெற்றி பெற்ற ஆண்டு, நமக்குப் பிடித்த ஆண்டு என்று மூன்றையும் கலந்தால் எந்தக் காலத்திலும் இருந்திராத ஒரு படகு வந்து நிற்கும். பந்தயம் ஓட்டும் எண்ணம் இருந்தால் இது இன்னும் முக்கியம். மத்தியதரைக் கடலின் பழம்படகுப் பந்தயங்கள் 1950க்கு முன் வெள்ளோட்டம் கண்டவற்றைத் தனி வகையாகவும், 1950 முதல் 1975 வரையிலானவற்றை வேறு வகையாகவும் வைக்கின்றன. மூலத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறீர்கள் என்பது உங்கள் புள்ளிக்கணக்கிலும் எதிரொலிக்கும்.

வாங்குமுன் குத்திப் பார்த்தல்

ஒரு குத்தூசி, சின்னச் சுத்தியல், டார்ச். தட்டும்போது கணீரென்றால் நல்ல மரம். பொத்தென்றால் உள்ளே உளுத்திருக்கிறது.

உப்புநீர் மரத்தை அழுகவிடாது. அழுக வைப்பது மழைநீர், அதாவது நன்னீர். அதனால் அடியைவிட மேலே தேடுங்கள்: தளத்தின் விளிம்புப் பலகைக்குக் கீழே உத்தர முனைகள், பாய்மரக் கம்பிகளைப் பிடிக்கும் பட்டைகளின் பின்புறம், பின்பக்கத்து மூலைகள், பலகைகள் அணியக் கட்டையில் போய் முடிகிற இடம், காற்றே போகாத அலமாரிகளின் பின்னால். வெதுவெதுப்பான கடலில் கிடந்த படகாக இருந்தால் கப்பற்புழுவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது வெளியே குண்டூசித் துளை மட்டும் விட்டுவிட்டு உள்ளே கட்டையைச் சல்லடையாக்கிவிடும்.

உலோகமும் மரமும் சேர்ந்து செய்கிற சேதம் தனிக் கதை. ஓக் மரத்தில் அறைந்த இரும்பைச் சுற்றிக் கறுத்திருந்தால், மரத்தின் துவர்ப்பும் துருவும் சேர்ந்து வேலை செய்திருக்கின்றன. ஆணியும் போய்விட்டது, ஆணியைச் சுற்றிய மரமும் போய்விட்டது. பித்தளைத் திருகாணி இளஞ்சிவப்பாக இருந்தால் அதிலிருந்த துத்தநாகம் கரைந்துவிட்டது, விரலால் ஒடிக்கலாம். வெண்கலப் பொருத்துகளைச் சுற்றி மரம் பஞ்சு போல மெத்தென்று ஆகியிருந்தால், துருவைத் தடுக்கிறேன் என்று யாரோ துத்தநாகக் கட்டிகளை அளவுக்கு மேல் மாட்டியிருக்கிறார்கள். அங்கே உண்டாகும் காரம் மரத்தைத் தின்றுவிடும். ஈயத்தை ஏராவோடு பிணைக்கும் போல்ட்டுகளில் குறைந்தது இரண்டையாவது வெளியே உருவிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். தலை பளபளக்கும், நடுவே இடுப்பு மெலிந்திருக்கும்.

பழைய படகின் வெளியே பிற்காலத்தில் கண்ணாடியிழை போர்த்தியிருந்தால் நான் விலகிப் போவேன். அடியில் ஈரத்தைப் பூட்டி வைத்திருப்பார்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும் என்பதால், சுரண்டும்போது தூசுத் தடுப்பு முகமூடி இல்லாமல் வேலை பார்க்க வேண்டாம். அந்த உடுப்போடு வீட்டுக்கும் போக வேண்டாம்.

நிறுத்துவதும் அளப்பதும்

இங்கேதான் நிதானம் வேண்டும். ஒரு பலகையைக்கூடக் கழற்றாத வேலை என்பதால் பலரும் அவசரமாகத் தாண்டிப் போகிறார்கள்.

படகின் எடை முழுவதும் ஏராவின் மேல் நிற்க வேண்டும். பக்கத்து முட்டுகள் சாயாமல் பிடிக்க மட்டுமே. அவற்றின் மேல் எடை ஏறினால் பலகை உள்ளே குழிந்துவிடும். தொங்கும் இரு முனைகளுக்கும் தனித்தனியே தாங்கல் கொடுங்கள். முன்னிலிருந்து பின் வரை நூல் பிடித்து, தூக்குக்குண்டு விட்டு, நடு எவ்வளவு எழும்பியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சரிசெய்ய வேண்டும் என்றால் ஒரே நாளில் ஜாக்கி போட்டுத் தூக்கக் கூடாது. வாரத்துக்குச் சில மில்லிமீட்டர், அவ்வளவுதான். மரம் வளைந்ததும் மெதுவாகத்தான், நிமிர்வதும் மெதுவாகத்தான். விறைத்துப்போன பழைய ஆணிகளைத் தளர்த்திய பிறகு அது இன்னும் இணங்கி வரும்.

அடுத்தது அளவு. இப்போது லேசர் கருவி இருக்கிறது; அரை நாளில் மேலோடு முழுவதையும் புள்ளிகளாக எடுத்துவிடும். ஆனால் கருவி அளப்பது இன்று நிற்கிற, கோணிப்போன படகை. அதை மூல வரைபடத்தோடு ஒப்பிட்டு, எந்த விலகல் வயதால் வந்தது, எது கட்டிய ஓடாவியின் கைவாகு என்று பிரிப்பது மனித வேலை. முழு அளவில் தரையில் வரைந்து, வளையும் நீண்ட மரச்சட்டத்தை ஆணிகளுக்கு இடையே வளைத்து, கண்ணை ஒரு முனையில் வைத்துப் பார்ப்பார்கள். கோட்டில் ஒரு நெளிவு இருந்தால் கண் கண்டுபிடித்துவிடும். கணினித் திரை அதை மறைத்துவிடும். திரை சின்னது, படகு பெரியது.

வரைந்த கோடுகளிலிருந்து, நாலைந்து வங்குக்கு ஒன்று என்ற கணக்கில், உள்வடிவத்துக்குப் பொருந்தும் அச்சுச் சட்டங்களைச் செய்து படகுக்குள் பொருத்துங்கள். குறுக்கே இறுக்கிக் கட்டுங்கள். தளத்தைத் தொடுவது இதற்குப் பிறகுதான். தளமும் அதன் உத்தரங்களும்தான் இரு பக்கத்தையும் சேர்த்துப் பிடித்திருக்கின்றன.

வடிவத்தை மட்டும் காப்பாற்றினால் போதுமா என்பதற்கு பிரெஞ்சுப் பாய்மரப் படகோட்டி எரிக் தபார்லி ஒரு துணிச்சலான பதில் கொடுத்தார். ஃபைஃப் வடிவமைத்து 1898இல் கட்டப்பட்ட 'பென் டுயிக்' அவருடைய தந்தையின் படகு. மேலோடு உளுத்துப்போய், மரத்தில் சரிசெய்யப் பணமும் இல்லை. 1958இல் அந்தப் பழைய மேலோட்டையே அச்சாக வைத்து அதன் மேல் கண்ணாடியிழையைப் படலம் படலமாகப் பூசி, புது மேலோடு வார்த்து எடுத்தார். நான் மேலே எச்சரித்த போர்வை அல்ல இது; உளுத்த மரத்துக்கு அதில் வேலையே இல்லை. இன்றைய அருங்காட்சியகக் கண்ணுக்கு இது பாவம். ஆனால் அந்தக் கோடுகள் இன்றும் கடலில் ஓடுகின்றன. பணமும் ஓடாவிகளும் இருக்கும்போது இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டும் இல்லாதபோது கேலி செய்யவும் மாட்டேன்.

எலும்புக்கூடு

முதலில் ஏரா, அடுத்து வங்கு, அப்புறம் இடது வலது வங்குகளை ஏராவோடு பூட்டும் குறுக்குக் கட்டைகள், கடைசியில் பலகை. உள்ளிருந்து வெளியே. பளபளக்கும் பலகையில் தொடங்கி எலும்புக்கு வந்தால் செய்ததையெல்லாம் பிரிக்க வேண்டியிருக்கும்.

எல்லா வங்குகளையும் ஒரே நேரத்தில் எடுக்காதீர்கள். ஒன்று விட்டு ஒன்று மாற்றுங்கள். புதியவை இறுகிய பிறகு மிச்சத்துக்கு வாருங்கள். ஒடிந்த வங்கின் பக்கத்தில் இன்னொன்றை ஒட்டி ஆணியடித்து விடுவது பழைய சிக்கன வழி. இரண்டுக்கும் நடுவே ஈரம் தங்கும், அங்கேயே அடுத்த அழுகல் தொடங்கும். பந்தயத்தின் இழுவிசையைத் தாங்க வேண்டிய படகுக்கு அது வேண்டாம்.

வளைக்கிற வங்குக்குச் சூளையில் உலர்த்திய மரம் ஆகாது, ஒடியும். வெட்டி அதிக நாள் ஆகாத, நேர் நார் ஓடும் ஓக் வேண்டும். நீராவிப் பெட்டியில் ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு மணி நேரம் என்பது வழக்கமான கணக்கு. வெளியே எடுத்ததும் அரை நிமிடத்துக்குள் அது இடத்தில் வளைந்து உட்கார்ந்திருக்க வேண்டும். கையுறை போட்ட மூன்று பேர், ஏற்கெனவே ஒத்திகை பார்த்த கிடுக்கிகள், ஒரு குரல் மட்டும் கட்டளையிட வேண்டும். பேச்சு வளர்ந்தால் மரம் ஆறிவிடும். பத்தில் ஒன்றிரண்டு ஒடியும். அதற்கும் சேர்த்தே மரம் வாங்குங்கள். எஃகு வங்குள்ள படகில் பிரச்சினை வேறு: எஃகும் வெண்கல ஆணியும் உப்பீரத்தில் நேராகத் தொட்டால் எஃகு கரையும். இரண்டுக்கும் நடுவே மின்சாரம் கடத்தாத தடுப்பு வேண்டும்.

எவ்வளவு மாற்றினால் அது இன்னும் அதே படகு என்ற வாதம் ஓயாதது. 1910இல் வெள்ளோட்டம் கண்ட 'டாலி ஹோ', இங்கிலாந்திலிருந்து அயர்லாந்தின் ஃபாஸ்ட்நெட் பாறையைச் சுற்றி வருகிற ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில், புயலடித்த 1927இல் வென்ற படகு. அந்தப் புயலில் பந்தயத்தை முடித்தவை இரண்டே படகுகள். 2017இல் லியோ கூல்டன் என்ற ஓடாவி அதை ஒரு பவுண்டுக்கு வாங்கி, 2024இல் மறுபடி தண்ணீரில் விட்டார். மேலோட்டின் மரத்தில் பெரும்பகுதி புதியது. அதைப் பார்த்து வேறு படகு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பலகையும் கலப்பத்தும்

பலகைகளையும் முழுவதும் உரிக்க வேண்டாம். மூன்று நான்குக்கு ஒன்றை விட்டுவைத்தால் அவை வடிவத்தைப் பிடித்திருக்கும். இடப்பக்கம் ஒன்று அறைந்தால் வலப்பக்கமும் அதே பலகையை அறையுங்கள்; ஒரு பக்கமாகவே போனால் படகு முறுக்கிக்கொள்ளும். வைரம் பாய்ந்த பகுதி மட்டும் பயன்படும். வெளுத்த மரத்தை எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒதுக்குங்கள். ஒரு பலகையில் முனை இணைப்பு வருகிற இடத்துக்கும் அடுத்த பலகையின் இணைப்புக்கும் நடுவே குறைந்தது மூன்று வங்கு இடைவெளி இருக்கட்டும். சாய்வாக ஒட்டுவதாக இருந்தால் கனத்தைப் போல் எட்டு மடங்காவது சாய்வின் நீளம் வேண்டும்.

செப்பு ஆணி அறைவது இரண்டு பேர் வேலை. வெளியே ஒருவர் கனமான இரும்பை ஆணித்தலையில் அழுத்திப் பிடிக்க, உள்ளே இருப்பவர் வளையத்தை மாட்டி, மிச்சத்தை நறுக்கி, சின்னச் சின்ன அடியாக நுனியைக் குடை போல விரிப்பார். வெளியே ஆணித்தலையை மூடும் மரத்தக்கையின் நார் பலகையின் நாரோடு ஒரே திசையில் இருக்க வேண்டும். அதைப் பசையால் ஒட்டாமல் வார்னிஷில் தோய்த்துச் செருகுங்கள். ஐம்பது வருடம் கழித்து இன்னொருவர் அதைத் திறக்க வேண்டியிருக்கும்.

பலகை விளிம்புகள் உள்பக்கம் ஒன்றையொன்று தொட வேண்டும்; வெளிப்பக்கம் மெல்லிய ஆப்பு வடிவ இடுக்கு. அதில் முதலில் பெயின்ட், பிறகு பஞ்சுத்திரி, கனமான பலகைக்குத் தார் தோய்த்த நார், மேலே மறுபடி பெயின்ட், கடைசியில் புட்டி. கலப்பத்துப் பார்க்கிறவரின் கொட்டாப்புளிச் சத்தத்தைக் கேளுங்கள். திரி இறுக இறுகச் சத்தம் கூர்மையாகும். பழகிய கை அந்த இடத்தில் நிறுத்தும். பழகாத கை இன்னும் நாலு அடி அடிக்கும். தண்ணீரில் பலகை ஊதும்போது அந்த அழுத்தம் முழுவதும் உங்கள் புது வங்குகளின் மேல் போகும். இந்த ஒரு வேலைக்காவது தேர்ந்த ஆளைக் கூப்பிடுங்கள். கெட்டியாக இறுகிவிடும் நவீனப் பசைகளை இடுக்கில் அடைப்பதும் இதே காரணத்தால் தவறு.

தளமும் பாய்மரமும்

தளத்தில் மட்டும் நான் பழமைவாதி அல்ல. அடியில் ஒட்டுப்பலகை, மேலே தேக்கு என்று போட்டால் மழைநீர் உள்ளே வராது. கீழே நீங்கள் செய்த அத்தனை வேலையையும் அது காக்கும். கூடவே காற்றோட்டமும் வேண்டும். அமெரிக்க வடிவமைப்பாளர் ஒலின் ஸ்டீஃபன்ஸ் இருபத்திரண்டு வயதுக்குள் வரைந்த 'டொரேட்', 1930இல் தண்ணீரில் இறங்கியது. 1931இல் அட்லாண்டிக்கைக் கடந்த பந்தயத்தில் மற்ற படகுகளைவிட இரண்டு நாள் முன்னால் வந்தது. காற்றை உள்ளே விட்டு, தண்ணீரைத் தடுத்து வழியவிடும் பெட்டி வைத்த அதன் காற்றுக்குழாய்க்கு இன்று உலகம் முழுவதும் டொரேட் என்றே பெயர். கலிபோர்னியாவிலிருந்து ஹவாய் வரை நடக்கிற டிரான்ஸ்பேக் பந்தயத்தில் 1936இல் டொரேட் வென்றது; அதே பந்தயத்தை, புதுப்பிக்கப்பட்ட அதே படகு 2013இல் மறுபடி வென்றது.

மரப் பாய்மரம் உள்ளே பொள்ளலாக இருந்தால் அடியில் ஒரு வடிகால் துளை இருக்கிறதா என்று பாருங்கள். ஒட்டுகளுக்கு இங்கே பன்னிரண்டு மடங்கு சாய்வு. பெயின்ட் பூசாமல் வார்னிஷ் போடுங்கள். கறுப்பு படர்ந்தால் உடனே கண்ணில் படும்.

வெள்ளோட்டம்

எவ்வளவு நன்றாகச் செய்திருந்தாலும் முதல் நாள் தண்ணீர் உள்ளே வரும். வறண்ட பலகை ஊதி இடுக்குகள் மூட சில மணி நேரம் முதல் சில நாள் வரை ஆகும். படகைத் தூக்கும் பட்டைகளைக் கழற்றாமல் முதல் இரவு அப்படியே தொங்கலில் விடுங்கள். மின்சாரம் போனாலும் ஓடக்கூடிய இரண்டாவது பம்பு ஒன்று வைத்து, ஆள் முறைபோட்டு விழித்திருங்கள். எங்கே வடிகிறது என்று சுண்ணக்கட்டியால் உள்ளே குறித்து, நேரத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். குறைந்துகொண்டே வந்தால் நல்லது. ஒரே இடத்தில் ஒரே அளவு வந்துகொண்டிருந்தால் அது பலகை ஊதி மூடாது. ஏரா போல்ட்டையோ மூலை இணைப்பையோ பாருங்கள்.

மேலோடு இறுகும் வரை பாய்மரக் கம்பிகளைத் தளர்வாகவே வையுங்கள். முதல் சில ஓட்டங்கள் மெல்லிய காற்றில், பாதிப் பாயோடு போதும். ஒவ்வொரு முறை திரும்பியதும் கம்பிகளைக் கொஞ்சம் இழுத்து, கதவுகள் சரியாக மூடுகின்றனவா என்று பாருங்கள். திடீரென்று ஒரு கதவு பிடித்தால் மேலோடு எங்கோ நகர்ந்திருக்கிறது. சில வாரத்தில் இடுக்குகளிலிருந்து புட்டி மெல்லிய கோடாக வெளியே பிதுங்கும். அதை உடனே சுரண்ட வேண்டாம். அடுத்த முறை கரையேற்றும்போது இழைத்துக்கொள்ளலாம்.